பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று: கடவுச்சொல் விதிகள் நம்மைக் காக்கின்றனவா?

கணினி அறையில் ஆண்டு 4 மாணவர்கள் முப்பது பேர். ஒரு மணி நேரப் பாடம். முதல் இருபது நிமிடம் எதில் போகும் என்பது மாணவர்களைக் கணினி அறைக்கு அழைத்துச் சென்ற எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். "டீச்சர், பாஸ்வர்ட் மறந்துட்டேன்." "டீச்சர், எனக்குச் சிவப்பா வருது." "டீச்சர், மூணு தடவை போட்டேன், லாக் ஆயிடுச்சு." எல்லாரும் உள்ளே நுழைந்து முடிப்பதற்குள் பாதிப் பாடம் கரைந்துவிடும்.

இதுவாவது ஒரு பாடவேளையோடு போகிற இழப்பு. நான் ஆண்டு 6இல் கற்பித்த மாணவி ஒருத்தி, எஸ்.பி.எம். முடித்து மேற்படிப்புக்கு இணையத்தில் விண்ணப்பித்தாள். கடைசி நாள் இரவு உள்ளே போனால், "உங்கள் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது, புதியதை அமையுங்கள்" என்றது தளம். புதியதைப் போட்டாள், பழையதைப் போல இருக்கிறது என்று ஏற்கவில்லை. இன்னொன்றைப் போட்டாள்; குறியீடு இல்லை என்றது. ஒருவழியாக ஒன்றை ஏற்றுக்கொண்டது. பதற்றத்தில் தட்டிய அந்தச் சொல் பத்து நிமிடத்தில் அவளுக்கே நினைவில்லை. மூன்று முறை தவறியதும் கணக்கு பூட்டிக்கொண்டது. மீட்பு இணைப்பு, படிவம் 3இல் திறந்த ஒரு மின்னஞ்சலுக்குப் போனது. அதன் கடவுச்சொல்லும் மறந்துவிட்டது. நள்ளிரவு தாண்டியது. விண்ணப்பம் போகவில்லை. அடுத்த சேர்க்கைக்காகக் காத்திருந்தாள்.

மறுநாள் காலையில் புலனத்தில் அவள் அனுப்பிய குரல் பதிவு இப்படித்தான் தொடங்கியது: "என் தப்புதான் டீச்சர்."

உண்மையில் அவள் தப்பா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். கடைசி நாள்வரை தள்ளிப்போட்டது அவள் தவறுதான், ஒப்புக்கொள்வோம். ஆனால் அவளை வெளியே நிறுத்திய விதிகளில் பெரும்பாலானவை பாதுகாப்பைக் கூட்டுவதில்லை. அவற்றை முதலில் பரிந்துரைத்த அமைப்பே பின்னர் அவற்றைக் கைவிட்டுவிட்டது.

கடவுச்சொல் எப்படி வந்தது?

1960களின் தொடக்கத்தில் கணினி என்பது ஓர் அறையை நிறைக்கும் இயந்திரம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறையை ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு உருவாக்கியது. ஒருவரின் கோப்பை இன்னொருவர் திறக்கக்கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய நேரத்தையும் கணக்கு வைக்க வேண்டும். அதற்காக ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள்.

திருட்டும் உடனே வந்துவிட்டது. அங்கே ஆய்வு மாணவராக இருந்த ஆலன் ஷெர் என்பவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் ஒதுக்கீடு. அது போதவில்லை. 1962இல் அவர் கடவுச்சொற்கள் இருந்த கோப்பை அச்சிடும்படி கணினிக்கே கட்டளை கொடுத்து, மற்றவர்களின் நேரத்தையும் பயன்படுத்திக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து அவரே இதை வெளியில் சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் யாருடைய கடவுச்சொல்லையும் ஊகிக்கவில்லை. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது, அங்கிருந்து எடுத்துக்கொண்டார். இன்றைய பெரிய திருட்டுகளும் பெரும்பாலும் இதே வகைதான்.

விதிகள் எங்கிருந்து வந்தன?

எட்டு எழுத்து, பெரிய எழுத்து ஒன்று, சிறிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றம். இந்தப் பட்டியல் உலகம் முழுவதும் பரவியதில் ஓர் ஆவணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்பக் கழகத்தை நிஸ்ட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அங்கே பணியாற்றிய பில் பர் என்பவர் 2003இல் எழுதிய வழிகாட்டிதான் அது. அமெரிக்க அரசு அலுவலகங்களுக்காக எழுதப்பட்டது. ஆனால் மற்ற நாடுகளின் நிறுவனங்களும் அதைப் பின்பற்றத் தொடங்கின.

அப்போது அவரிடம் உண்மையான கடவுச்சொற்களைப் பற்றிய தரவு போதிய அளவு இல்லை. 1980களில் வந்த ஓர் அறிக்கையை நம்பியே பெரும்பகுதியை எழுதினார். பணி ஓய்வுக்குப் பிறகு, 2017இல், தாம் எழுதியதில் பலவற்றுக்காக இப்போது வருந்துவதாக ஒரு நாளிதழிடம் வெளிப்படையாகச் சொன்னார்.

அதே 2017இல் நிஸ்ட் தன் வழிகாட்டியைத் திருத்தியது. எழுத்து, எண், குறியீடு என்று கலக்கக் கட்டாயப்படுத்தக்கூடாது. காரணமில்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லக்கூடாது. நீளமான கடவுச்சொல்லை, குறைந்தது 64 எழுத்து வரையிலாவது, ஏற்க வேண்டும். ஏற்கெனவே கசிந்த சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இருந்தால் மறுக்க வேண்டும். தட்டுவதைக் கண்ணால் பார்க்க வசதி தர வேண்டும். 2025இல் வந்த பதிப்பு இதை இன்னும் உறுதியாகச் சொல்கிறது: கடவுச்சொல் மட்டுமே ஒரே பூட்டாக இருந்தால் குறைந்தது 15 எழுத்து இருக்க வேண்டும், கலவை விதி கூடவே கூடாது.

மூன்று முறை தவறினால் பூட்டு என்கிறார்களே, அதற்கும் ஓர் அளவு அங்கே இருக்கிறது. தொடர்ந்து 100 தவறான முயற்சிகளுக்கு மேல் அனுமதிக்கக்கூடாது என்பதே அந்த வழிகாட்டி வைக்கும் உச்ச வரம்பு. 100 எங்கே, 3 எங்கே! ஒரு தளம் தன் விருப்பப்படி குறைத்துக்கொள்ளலாம். ஆனால் விரல் தடுமாறுகிற பத்து வயதுப் பிள்ளைக்கு மூன்றே வாய்ப்பு என்பது பாதுகாப்புக்கு அவசியமான கணக்கு அல்ல.

விதி ஒன்று சொல்கிறது, நாம் ஒன்று செய்கிறோம்

கணிதப்படி பார்த்தால் பழைய விதி நன்றாகத்தான் தெரியும். ஆங்கில விசைப்பலகையில் தட்டக்கூடிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் சேர்த்து 95. எட்டு இடங்களிலும் எது வேண்டுமானாலும் வரலாம் என்றால் 95ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். ஏறக்குறைய 6,634 டிரில்லியன் வாய்ப்புகள்.

ஆனால் மனிதர் யாரும் அப்படித் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் என்ன செய்கிறோம்? ஒரு பெயர். பெரிய எழுத்து கேட்கிறதா, முதல் எழுத்தைப் பெரிதாக்கு. எண் கேட்கிறதா, பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பின்னால் போடு. குறியீடு கேட்கிறதா, கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி. சற்றுக் கெட்டிக்காரர் என்றால் 'ஏ' எழுத்துக்குப் பதில் @ போடுவார். இதைப் படிக்கும்போதே உங்களுக்குச் சிரிப்பு வந்திருந்தால், உங்கள் கடவுச்சொல்லும் ஏறக்குறைய இப்படித்தான் என்று அர்த்தம். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். வழக்கில் உள்ள பெயர்கள் 1,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இலக்க எண் 100. கடைசிக் குறியீடு 10. பெருக்கினால் ஒரு மில்லியன்தான். 6,634 டிரில்லியன் என்று நம்பியது ஒரு மில்லியனாகச் சுருங்கிவிட்டது. விதி எல்லாருக்கும் பொது. அதைத் தாண்ட நாம் கண்டுபிடிக்கும் குறுக்குவழியும் எல்லாருக்கும் பொது. அது திருடனுக்கும் தெரியும்.

காலக்கெடு வைத்து மாற்றச் சொல்வதும் இதே கதைதான். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல், காலக்கெடு முடிந்து மாற்றப்பட்ட 7,700க்கும் மேற்பட்ட கணக்குகளின் பழைய கடவுச்சொற்களை ஆராய்ந்தார்கள். பழையது தெரிந்தால், 17 விழுக்காட்டுக் கணக்குகளில் அடுத்ததை ஐந்து ஊகங்களுக்குள் கண்டுபிடிக்க முடிந்தது. ஏன்? கடைசியில் 1 இருந்ததை 2 ஆக்குவோம், 2 இருந்ததை 3 ஆக்குவோம். மைக்ரோசாஃப்டும் 2019இல் விண்டோஸுக்கான தன் அடிப்படைப் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து இந்தக் காலக்கெடுவை நீக்கிவிட்டது.

அப்படியானால் பல தளங்கள் ஏன் இன்னும் கேட்கின்றன? ஒரு விதியைச் சேர்ப்பது எளிது. எடுப்பதற்கு யாராவது கையெழுத்துப் போட வேண்டும். நாளை ஏதாவது நடந்தால் "ஏன் எடுத்தாய்?" என்ற கேள்வி அவரிடம்தான் வரும். பள்ளி அலுவலகத்தில் வேலை செய்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

உண்மையான ஆபத்து எங்கே?

திருடன் ஒவ்வொரு கணக்காக வந்து வாசலில் நின்று ஊகிப்பது குறைவு. மூன்று வழிகள்தான் அதிகம்.

முதலாவது, மொத்தத் திருட்டு. ஒரு தளத்தின் தரவுத்தொகுதியையே எடுத்துப் போவது. பொறுப்பான தளம் உங்கள் கடவுச்சொல்லை அப்படியே வைத்திருக்காது. அதை அரைத்து, திரும்பப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர முடியாத ஒரு குறியாக மாற்றி வைத்திருக்கும். மாவை மறுபடி அரிசியாக்க முடியாதல்லவா, அது போல. பொறுப்பில்லாத தளம் அப்படியே எழுதி வைத்திருக்கும். 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து ஏறக்குறைய 32 மில்லியன் கடவுச்சொற்கள் இப்படி அப்பட்டமாகவே கசிந்தன. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. நீங்களே சோதிக்க ஒரு வழி: "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று சொன்னதும் ஒரு தளம் உங்கள் பழைய சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பினால், அது அதை அரைக்காமல் வைத்திருக்கிறது என்று பொருள். அந்தச் சொல்லை வேறு எங்கும் பயன்படுத்தாதீர்கள்.

இரண்டாவது, ஒரே சாவி. ஏதோ ஒரு சமையல் குறிப்புத் தளத்தில் கசிந்த உங்கள் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் எடுத்து, வங்கியிலும் மின்னஞ்சலிலும் பள்ளித் தளத்திலும் போட்டுப் பார்ப்பார்கள். இதை மனிதர் செய்வதில்லை, நிரல் செய்கிறது. உங்கள் கடவுச்சொல் எவ்வளவு கடினமாக இருந்தாலும், ஐந்து இடத்தில் அதுவே இருந்தால் ஓர் இடத்தில் போனது ஐந்து இடத்திலும் போனதுதான்.

மூன்றாவது, தூண்டில். "உங்கள் கணக்கு முடக்கப்படும், உடனே உள்நுழையுங்கள்" என்று குறுஞ்செய்தி வரும். இணைப்பைத் தட்டினால் அச்சு அசல் அதே மாதிரிப் பக்கம். நாமே நம் கையால் தட்டிக் கொடுக்கிறோம். இங்கே இருபது எழுத்துக் கடவுச்சொல்லும் உதவாது.

இந்த மூன்றில் எதையாவது அந்த ஆச்சரியக்குறி தடுக்கிறதா? அரைத்து வைத்த குறியிலிருந்து ஊகிக்கும் வேலையைச் சற்றே தாமதப்படுத்தலாம். மற்ற இரண்டையும் தொடக்கூட இல்லை.

நம் ஊருக்கே உரிய இரண்டு ஓட்டைகள்

அடையாள அட்டை எண்ணையே தொடக்கக் கடவுச்சொல்லாகக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. 12 இலக்கம், பார்க்க நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் குறிக்கும் எண். கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. ஒரு மாணவியின் பிறந்தநாளும் பிறந்த மாநிலமும் தெரிந்தால் மீதம் நான்கு இலக்கம். அதிலும் கடைசியில் இரட்டை எண் மட்டும். 10 × 10 × 10 × 5, ஆக 5,000 வாய்ப்புகளே. அதோடு இந்த எண்ணைப் பள்ளிப் படிவம், போட்டிப் படிவம், பயணப் படிவம் என்று எத்தனை தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்! எண்ணை அறிந்தவர் எல்லாரும் உள்ளே போகலாம் என்றால் அது பூட்டு அல்ல.

இரண்டாவது, "பாதுகாப்புக் கேள்வி". உங்கள் தந்தையின் பெயர் என்ன? மலேசிய இந்தியர்களில் பலருக்கு விடை பெயரிலேயே இருக்கிறது. 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்பவற்றின் சுருக்கத்துக்குப் பின்னால் வருவது அப்பா பெயர்தானே! முதலில் படித்த பள்ளி? முகநூலில் இருக்கிறது. நிஸ்ட் இத்தகைய கேள்விகளையும் 2017இலேயே கைவிடச் சொல்லிவிட்டது. ஒரு தளம் கட்டாயம் கேட்டால் உண்மையான விடையைக் கொடுக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. "முதல் பள்ளி: தேங்காய்த் துருவல்" என்று போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் கடவுச்சொல் வைக்கலாமா?

தமிழாசிரியர்களுக்கு இயல்பாக வரும் ஆசை. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே கிடையாது என்பதால் முதல் விதியிலேயே சிக்கும். அதைத் தாண்டினாலும் வேறு சிக்கல் உண்டு. 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. கணினி யூனிகோடு முறையில் அதை ஐந்தாகச் சேமிக்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. 'கொ' என்ற எழுத்தில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தளம் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும் ஏற்பாடு செய்யவில்லை என்றால், வீட்டுக் கைப்பேசியில் வேலை செய்த கடவுச்சொல் பள்ளிக் கணினியில் "தவறு" என்று வரலாம். தமிழ் விசைப்பலகை இல்லாத கணினியில் அதைத் தட்டவே முடியாது.

ஆகவே, தமிழில் சிந்தியுங்கள், ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். நம் பிள்ளைகள் புலனத்தில் தினமும் செய்வதுதான். ஒரே ஓர் எச்சரிக்கை: ழகரத்துக்கு ஒருவர் 'இசட் எச்' தட்டுவார், இன்னொருவர் 'எல்' தட்டுவார். உங்கள் வழக்கம் எது என்று முடிவு செய்து அதையே எப்போதும் பின்பற்றுங்கள். முதல் குறள், பழமொழி, பாட்டின் பல்லவி எதுவும் வேண்டாம். பலருக்கும் தெரிந்த வரி ஊகிப்பவர்களின் பட்டியலிலும் இருக்கும்.

சரி, என்னதான் செய்வது?

1. நீளமாக வையுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்கள்: குடை, தவளை, மிளகாய், ரயில், திங்கள் என்பது போல. (இது இங்கே அச்சாகிவிட்டது, ஆகவே இதையே வைக்காதீர்கள்.) 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி நான்கு சொற்களை எடுத்தால் ஏறக்குறைய 3,656 டிரில்லியன் வாய்ப்புகள். ஐந்தாவது சொல்லைச் சேர்த்தால் அது 7,776 மடங்கு கூடும். தளம் எண்ணும் குறியீடும் கேட்டே தீருவேன் என்றால், அவற்றை ஒரு சொல்லின் நடுவில் செருகுங்கள்.

2. மின்னஞ்சலுக்குத் தனிக் கடவுச்சொல். எல்லாத் தளங்களின் மீட்பு இணைப்பும் அங்கேதான் வருகிறது. அது போனால் எல்லாம் போகும். என் மாணவிக்கு அன்றிரவு கதவு அடைபட்டதும் அங்கேதான்.

3. மற்றவற்றை நினைவில் வைக்க முயலாதீர்கள். கடவுச்சொல் பெட்டகம் என்ற வகைச் செயலிகள், ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக உருவாக்கி, சேமித்து, தாமே நிரப்பும். உலாவியிலும் கைப்பேசியிலும் இலவசமாகவே இருக்கிறது. போலித் தளத்தில் முகவரி ஒத்துவராததால் அது தானாக நிரப்பாது. அதுவே ஓர் எச்சரிக்கை. செயலி வேண்டாம் என்பவர்கள் வீட்டு அலமாரியில் ஒரு குறிப்பேடு வைக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் திருடன் உங்கள் அலமாரியைத் திறக்க மாட்டான். ஆசிரியர் அறைக் கணினித் திரையில் மஞ்சள் ஒட்டுத்தாள் மட்டும் வேண்டாம்.

4. இரண்டாவது பூட்டைப் போடுங்கள். கடவுச்சொல்லுக்குப் பிறகு கைப்பேசியில் ஓர் உறுதிப்படுத்தல். குறுஞ்செய்தி எண்ணை ஏமாற்றிப் பறிக்க முடியும் என்பதால், மலேசியாவில் பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளை அதிலிருந்து வலுவான முறைக்கு மாறச் சொன்னது. சிங்கப்பூரிலும், மின்னியல் வில்லை பயன்படுத்துவோருக்கு உள்நுழைய ஒருமுறைக் குறியெண் படிப்படியாக நீங்கும் என்று 2024 ஜூலையில் அறிவித்தார்கள். இருந்தாலும் ஒன்றுமே இல்லாததற்குக் குறுஞ்செய்தி எவ்வளவோ மேல். யார் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

5. 'பாஸ்கீ' என்று ஒரு தளம் கேட்டால் பயப்பட வேண்டாம். 2022இல் ஆப்பிள், கூகள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஆதரவு அறிவித்த முறை இது. கடவுச்சொல்லே கிடையாது. சாவி உங்கள் கைப்பேசியில் இருக்கும்; விரல் ரேகையோ முகமோ காட்டினால் திறக்கும். உண்மையான தளத்துக்கு மட்டுமே அந்தச் சாவி பொருந்தும். ஆகவே தூண்டிலுக்கு இங்கே வேலை இல்லை.

வகுப்பறைக்கு

கீழ்நிலை மாணவர்களுக்கு உள்நுழைவு அட்டை தயாரித்து, பாடம் தொடங்கும்போது கொடுத்து, முடிந்ததும் வாங்கிப் பூட்டி வையுங்கள். வகுப்பின் மொத்தக் கடவுச்சொல் பட்டியலைப் பெற்றோர் புலனக் குழுவில் போடும் பழக்கத்தை நிறுத்துவோம். தட்டும்போது கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் சின்னத்தை அழுத்தச் சொல்லிக்கொடுங்கள். பாதி "சிவப்பு" அங்கேயே தீரும்.

மேல்நிலை மாணவர்களுக்கு ஒரு நடவடிக்கை. கரும்பலகையில் ஆறுக்கு ஆறு கட்டம் வரைந்து 36 தமிழ்ச் சொற்களை நிரப்புங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பகடையை இருமுறை உருட்ட வேண்டும்: முதல் எண் வரிசை, இரண்டாவது எண் நிரல். நான்கு சொற்கள் வந்ததும், அவற்றை இணைத்து ஒரு வேடிக்கையான வாக்கியம் அமைக்கட்டும். மறுநாள் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது என்று பாருங்கள். பிறகு கணக்கு: 36ஐ நான்கு முறை பெருக்கினால் 16,79,616. இது பயிற்சிக்குத்தான், உண்மையான பயன்பாட்டுக்குப் பட்டியல் இன்னும் பெரிதாக வேண்டும் என்பதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

தேர்வு மாணவர்களுக்கு

இணையப் பாதுகாப்பைப் பற்றிய கட்டுரைகளில் "கடினமான கடவுச்சொல்லை அமைத்து அதை அடிக்கடி மாற்ற வேண்டும்" என்ற வரி தவறாமல் வரும். நாங்கள் கொடுத்த மாதிரிக் கட்டுரைகளில் இருந்து வந்ததுதான். இனி அதைத் திருத்திக்கொள்ளலாம். இப்படி எழுதிப் பாருங்கள்:

*கடவுச்சொல் கடினமாக இருப்பதைவிட நீளமாகவும் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாகவும் இருப்பதே முக்கியம். அடிக்கடி மாற்றும்படி கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் பழையதையே சிறிது மாற்றி வைப்பார்கள்; அதனால் பாதுகாப்பு குறைகிறது. ஆகவே, கசிந்தது என்று தெரிந்தால் மட்டும் உடனே மாற்றி, இரு படிச் சரிபார்ப்பையும் அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.*

கருத்து, காரணம், விளைவு, தீர்வு நான்கும் இதில் உண்டு. விவாதக் கட்டுரையானால், "பாதுகாப்புக்குப் பொறுப்பு பயனரா, தளமா?" என்ற கோணத்திலும் விரிக்கலாம்.

பயன்படும் சொற்கள்: பயனர் பெயர், உள்நுழைதல், தரவுக் கசிவு, தூண்டில் மோசடி, இரு படிச் சரிபார்ப்பு, கடவுச்சொல் பெட்டகம்.

அந்த மாணவிக்கு நான் என்ன சொன்னேன்? அன்று சொல்லத் தெரியவில்லை. "அடுத்த முறை கவனமா இரும்மா" என்றுதான் சொன்னேன். இப்போது என்றால் இப்படிச் சொல்வேன்: "கடைசி நாள் வரை விட்டது உன் தப்புதான். மற்றது உன் தப்பு இல்லை. வா, முதல்ல உன் மின்னஞ்சலைச் சரிபண்ணுவோம்." நம் வகுப்பில் இந்த ஆண்டு தேர்வெழுதும் பிள்ளைகள் எல்லாருக்கும், விண்ணப்பப் பருவம் தொடங்கும் முன்பே, இந்தக் கடைசி வேலையை ஒரு பாடவேளையில் உட்கார்ந்து செய்துவிடலாம். இருபது நிமிடம் போதும்.